'போச்சா?' என்று கேட்டால் போதாது

கர்ப்பப்பை எடுத்த மூன்றாம் நாள் காலையில் என் பெரியம்மாவிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏம்மா, யூரின் போச்சா?"

"போச்சு சிஸ்டர்."

சிஸ்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மாலையே டிஸ்சார்ஜ். கூட இருந்தவள் நான். கட்டிலோரத்தில் இரண்டு நாளாகத் தொங்கிய மூத்திரப் பையைக் கழற்றியபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. குழாய் போய்விட்டது, இனி வீட்டுக்குப் போகலாம்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. போயிருந்தது. கொஞ்சம்போல, சொட்டுச் சொட்டாக, வார்டின் கடைசியில் இருக்கும் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தபோது. எவ்வளவு போனது என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுக்கக் கசிந்தது. பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டம்மா. "அடி இறங்கினவளுக்கு எல்லாம் தளர்ந்து போயிருக்கும்" என்றார் இன்னொருவர். கசிகிறதே என்று பெரியம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். நான்காம் நாள் இரவு அடிவயிறு பானைபோல் உப்பி, வலி தாங்காமல் சுருண்டு கிடந்தார். வேறொரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டு போனோம். அங்கே குழாய் போட்டதும் பையில் இறங்கியது 1,100 மில்லி.

ஒரு லிட்டருக்கும் மேல். கசிகிறது கசிகிறது என்று நாங்கள் துணி மாற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவருடைய மூத்திரப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. நிரம்பிய குடத்தின் விளிம்பில் வழிவதைப் பார்த்து, குடம் காலியாகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு ஆறு வாரம் குழாயோடு வாழ்ந்தார். இரண்டு முறை காய்ச்சலும் கிருமித்தொற்றும் வந்தன. இதில் எதுவுமே அபூர்வமான மருத்துவச் சிக்கல் அல்ல என்பதுதான் எனக்குப் பிறகு தெரியவந்தது. டிஸ்சார்ஜ் எழுதுவதற்கு முன் ஓர் அளவு ஜாடியை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் அது.

இந்தக் கட்டுரை அந்த ஜாடியைப் பற்றியது.

*

மூத்திரப்பை வெறும் பை அல்ல, அது ஒரு தசை. நிரம்பும்போது தளர்ந்து இடம் கொடுக்கும், வெளியேற்றும்போது இறுகிப் பிழியும். சாதாரணமாக 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400, 500 மில்லி ஆனதும் அவசரமாகிவிடும். எப்போது பிழிய வேண்டும், கீழே இருக்கும் வாசல் எப்போது திறக்க வேண்டும் என்பதையெல்லாம் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் சொல்கின்றன.

கர்ப்பப்பை அந்த மூத்திரப்பையின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமென்றால் மூத்திரப்பையை அதிலிருந்து பிரித்துக் கீழே தள்ளியாக வேண்டும். அடி இறக்கத்துக்கான அறுவையில் யோனியின் முன்சுவரை இழுத்துத் தைப்பார்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருப்பதும் மூத்திரப்பைதான். தைத்த இடம் வீங்கும். வீக்கம் வாசலை நெருக்கும். முதுகில் போடும் மரப்பு ஊசி மூத்திர நரம்புகளையும் சேர்த்தே மரக்கச் செய்கிறது. கால் அசைந்த பிறகும் மூத்திரப்பை விழிக்கச் சில மணி நேரம் ஆகலாம். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் அந்தத் தசையை மந்தமாக்கும். தையல் வலிக்குமோ என்ற பயத்தில் அடித்தளத் தசை தளராமல் இறுகிக்கொள்ளும். மலச்சிக்கலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள திசுக்களோடு சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையில் மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகளே அறுபடலாம். வருடக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கோ அந்த நரம்புகள் முன்பே மங்கியிருக்கும். பை நிரம்பியதே தெரியாது.

ஆக, குழாயை எடுத்ததும் மூத்திரப்பை தானாக வேலைக்குத் திரும்பிவிடும் என்பது ஒரு நம்பிக்கைதான். பெரும்பாலான பெண்களுக்கு அந்த நம்பிக்கை பலிக்கிறது. பலிக்காத பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. "போச்சா?" என்ற கேள்வியால் அவளைக் கண்டுபிடிக்க முடியாது. வழிந்தாலும் போச்சுதான், காலியானாலும் போச்சுதான். இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்கும் கேள்வி எதற்கு?

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அளவுக்கு மீறி விரிந்த தசை இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி தொய்ந்துவிடும். ஒரே ஒரு முறை அப்படி விரிந்தாலும் மீண்டும் பிழியும் வலு வர வாரக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு முழுமையாக வராமலே போகலாம். தேங்கிய மூத்திரத்தில் கிருமி பெருகும். நாள்பட்டால் சிறுநீரகம் வரை பாதிக்கும். இவ்வளவும் முதல் சில மணி நேரத்தில் கவனித்தால் தவிர்க்கக்கூடியவை.

*

சரிபார்ப்பது எப்படி என்பதை மருத்துவப் பாடப்புத்தகத்திலிருந்து பெயர்த்து நம் கையில் வைத்துக்கொள்வோம். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: குழாயை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அவள் போக வேண்டும். போவதை ஜாடியில் பிடித்து அளக்க வேண்டும். போன உடனே ஸ்கேன் வைத்தோ, மெல்லிய குழாயை ஒருமுறை விட்டு எடுத்தோ உள்ளே மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 100, 150 மில்லிக்குள் இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள். இந்த வரம்பு இடத்துக்கு இடம் சற்று மாறும்.

இரண்டாம் வழி இன்னும் எளிது. குழாயை எடுப்பதற்கு முன் அதே குழாய் வழியாக 300 மில்லி சலைன் தண்ணீரை உள்ளே விட வேண்டும். பிறகு குழாயை எடுத்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் அவளைப் போகச் சொல்லி அளக்க வேண்டும். 200 மில்லியோ அதற்கு மேலோ வந்தால், உள்ளே விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். அவள் வீட்டுக்குப் போகலாம். வரவில்லையென்றால் மறுபடி குழாய், சில நாள் கழித்து மறுபடி சோதனை. ஸ்கேன் தேவையில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு போதும். சலைன் பாட்டில் எந்த வார்டிலும் இருக்கிறது. ஜாடிக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.

இதில் இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். குழாய் இருந்தவரை பெரியம்மாவின் மூத்திரத்தை அவர்கள் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். எத்தனை பாட்டில் ஏறியது, பையில் எவ்வளவு இறங்கியது என்று மணிக்கணக்குப் போட்டு எழுதிய அட்டை கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. பை போனதும் அளவும் போய்விட்டது. இயந்திரம் தந்த எண்ணை எழுதத் தெரிந்த மருத்துவமனைக்கு, பெண்ணின் உடம்பு தானாகச் செய்வதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அளக்க வேண்டியது சரியாக அந்த மணி நேரத்தில்தான்.

*

ஏன் செய்வதில்லை என்று கேட்டால் பல காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நர்ஸுகளுக்கு நேரமில்லை." இது உண்மை. அந்த இரவு வார்டில் இருந்த ஒரே சிஸ்டர் எத்தனை கட்டில்களுக்கு ஓடினார் என்பதை நான் பார்த்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நேரமில்லாத வார்டில் எந்த வேலை கைவிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதை யாரும் விடுவதில்லை, ஊசி போடுவதை விடுவதில்லை, பில் போடுவதை ஒருநாளும் விடுவதில்லை. தாளில் கட்டம் போட்டுக் கேட்டிருக்கும் வேலை நடந்துவிடுகிறது. மிச்ச மூத்திரத்துக்கு டிஸ்சார்ஜ் தாளில் கட்டம் இல்லை. சிஸ்டரையும் நோயாளியையும் மோதவிட்டுக் கட்டம் வரையாதவர் தப்பித்துக்கொள்வது நமக்குப் பழகிய கதை.

"ஸ்கேன் கருவியை வார்டுக்குள் கொண்டுவர முடியாது, சட்டம் இருக்கிறது." இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக இந்த நாட்டுப் பெண்கள் இயக்கம் போராடியது. பெண் சிசுவைக் கருவிலேயே அழித்த சமூகத்தில் ஸ்கேன் கருவிகளுக்குக் கடிவாளம் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள், பதிவு செய்த மருத்துவமனை வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்காகக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த இடம் தருகின்றன. பெண்ணைக் காக்க வந்த சட்டத்தையே பெண்ணுக்கு ஒரு பரிசோதனையைச் செய்யாமல் இருப்பதற்குச் சாக்காகச் சொல்வதை ஏற்க முடியாது. போகட்டும், ஸ்கேனே இல்லை என்று வையுங்கள். 300 உள்ளே விட்டு 200 வெளியே வருகிறதா என்று பார்க்க எந்தச் சட்டம் தடுக்கிறது?

"சந்தேகமிருந்தால் குழாயை இன்னும் நான்கு நாள் விட்டுவைக்கலாமே." கூடாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது. குழாயோடு நடப்பதும் கடினம், நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து. சீக்கிரம் எடுப்பதே நல்லது. சோதிக்காமல் எடுப்பதும் சோதிக்கப் பயந்து விட்டுவைப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

"எங்கோ ஒருத்திக்கு வரும், அதற்காக எல்லோரையும் சோதிப்பதா?" ஆமாம். அந்த ஒருத்தி யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் எல்லோரையும். அறுவை முடிந்ததும் பஞ்சையும் கத்தியையும் எண்ணுகிறார்களே, எல்லா வயிற்றிலும் கத்தி விட்டுப்போகிறது என்பதாலா எண்ணுகிறார்கள்?

*

பிராஸ்டேட் தொந்தரவோடு போகும் ஆணுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இயந்திரத்தில் அளப்பது, போன பிறகு எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பது, இரண்டும் அந்தத் துறையில் அன்றாட வழக்கம். வயதான ஆணின் மூத்திரம் ஒரு மருத்துவப் பிரச்சினை. வயதான பெண்ணின் மூத்திரமோ ஒரு வீட்டுப் பிரச்சினை. துணி மாற்றிக்கொள்ள வேண்டும், வாசனை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருந்துகொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் கசியும் பெண்ணிடம் "எல்லாம் தளர்ந்திருக்கும், சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கசிவு நிரம்பி வழிவதாக இருக்கலாம். அல்லது அறுவையின்போது காயம்பட்டு மூத்திரப்பைக்கும் யோனிக்கும் இடையில் ஓட்டை விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நனைந்த துணிதான். அளந்து, சோதித்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

நம் பக்கத்துக் கதவையும் தட்டியாக வேண்டும். "போச்சு சிஸ்டர்" என்று பெரியம்மா ஏன் சொன்னார்? பிறகு கேட்டேன். "முழுசாப் போன மாதிரி இல்லதான். ஆனா எல்லாரும் இருக்கையில அதப்போயி எப்படிச் சொல்றது? ஒங்க பெரியப்பா வேற நின்னாரு" என்றார். வார்டின் நடுவில், அடுத்த கட்டிலுக்கு வந்த ஆண்கள் நிற்கும்போது, உரக்கக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஐம்பத்தெட்டு வயதுப் பெண் வேறு எப்படிப் பதில் சொல்வாள்?

அடக்கம் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. பெண்ணின் முதல் குணமாக அதைச் சொல்லி வளர்க்கிறார்கள். மூத்திரத்தையும் நாம் அதே வினைச்சொல்லால்தான் சொல்கிறோம்: அடக்கிக்கொள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, அடக்கிக்கொள். பேருந்தில் எட்டு மணி நேரம், அடக்கிக்கொள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் நின்றார்கள். பி.விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கினார். அந்தப் போராட்டம்தான் வளர்ந்து 2018-இல் கேரளத்திலும், அதைத் தொடர்ந்து 2021-இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்கான சட்டத் திருத்தமாக வந்தது. மூத்திரத்தைப் பற்றிப் பேசத் துணிந்த பெண்கள் சட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் ஐம்பது வருடம் அடக்கிப் பழகிய உடம்பு மருத்துவமனைக் கட்டிலிலும் அடக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு கேட்பதுதான் மருத்துவம்.

*

கர்ப்பப்பை அகற்றுவதைப் பற்றி நாம் பேசாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். பெரும்பகுதி அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டுமென 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தப் போராட்டம் தேவை, தொடரவும் வேண்டும். ஆனால் நம் பேச்சு 'எடுக்கலாமா, கூடாதா' என்பதோடு அறுவை அரங்கின் வாசலில் நின்றுவிடுகிறது. எடுத்தே ஆகவேண்டிய பெண்களும் இருக்கிறார்கள். நான்கு பிள்ளை பெற்று, பெற்ற பதினைந்தாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கி, கருப்பை கால்களுக்கிடையே இறங்கி வந்த என் பெரியம்மாவுக்கு அந்த அறுவை தேவையாகத்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு என்ன நடக்கிறது என்பதும் பெண்ணியத்தின் கேள்விதான். கர்ப்பப்பையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், பெண்ணின் அடிவயிற்றில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆறு வாரக் குழாய்க்கு மாற்று இருந்தது என்பதும் எங்களுக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. மெல்லிய குழாயை நாளைக்குச் சில முறை தானே விட்டு, மூத்திரத்தை வடித்துவிட்டு எடுத்துவிடும் முறை அது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-இலேயே அதை எழுதிவிட்டார். கையைச் சோப்பால் கழுவினால் போதும், அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை. ஒரு கண்ணாடியும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணும் இருந்தால் கற்றுக்கொண்டுவிடலாம். பெரியம்மாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. "அவங்களுக்கெல்லாம் இது வராது" என்று அவருக்காக வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். தன் மூத்திரத்துவாரம் எங்கே இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும், கற்றுக்கொடுத்தாலும் அவளுக்குத் தெரியாது என்று மருத்துவர் நினைப்பதும் ஒரே வேரிலிருந்து வருகிறவை.

*

நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அடிவயிற்று அறுவை செய்துகொண்ட எந்தப் பெண்ணையும், அவள் எவ்வளவு போனாள், எவ்வளவு மிச்சம் என்ற இரண்டு எண்களை எழுதாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் அதற்கொரு கட்டம் வேண்டும். அரசு மருத்துவமனையிலும் வேண்டும், காப்பீட்டுப் பணம் வாங்கும் தனியார் மருத்துவமனையிலும் வேண்டும். பிரசவ வார்டுக்கும் இது பொருந்தும். நீண்ட வலிக்குப் பின்னும் ஆயுதப் பிரசவத்துக்குப் பின்னும் இதே தேக்கம் வருகிறது. கேள்வியைத் திரை மறைவில், தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்: ஆறு மணி நேரமாகப் போகவில்லை, அடிவயிறு உப்புகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது, போன பிறகும் பாரம் இறங்கவில்லை.

அந்தக் கட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கோ அத்தைக்கோ தோழிக்கோ கூட இருக்கப் போகிறவர்கள் ஓர் அளவு ஜாடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழாயை எடுக்கும்போது கேளுங்கள்: "சிஸ்டர், எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க? எவ்வளவு வந்தா சரி?" முதல் முறை போனதை அளந்து, நேரத்தோடு எழுதிக் காட்டுங்கள். "மிச்சம் எவ்வளவுன்னு பாத்துட்டு அனுப்புங்க" என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கட்டிக்காக இதே அறுவை நடந்தது. பார்க்கப் போன பெரியம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆரஞ்சுப் பழத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு, வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்: "கொழா எடுத்தாச்சாடி? எவ்வளவு போச்சுன்னு அளந்து பாத்தாங்களா?"

அறையில் யாரும் பேசவில்லை. பெரியம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.